கரண்ட் ரேஷியோ நன்றாகத்தான் இருக்கிறது, கம்பெனி ஏன் தள்ளாடுகிறது?

"ரொட்டேஷன்தான் சார் கொஞ்சம் டைட்டு. மத்தபடி கம்பெனி நல்லா போகுது."

வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த வருஷங்களில், கோவைப் பக்கம் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. தொழிலில் போட்ட காசு சுற்றித் திரும்பக் கைக்கு வருவதைத்தான் ரொட்டேஷன் என்பார்கள். சொல்பவர் பொய் சொல்வதில்லை. பெரும்பாலும் தான் நம்புவதைத்தான் சொல்கிறார். ஆர்டர் இருக்கிறது, ஆட்கள் வேலை செய்கிறார்கள், ஆடிட்டர் போட்டுக்கொடுத்த கணக்கில் லாபமும் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை சம்பளம் போட வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. லாபம் இருக்கும் இடத்தில் காசு எப்படி இல்லாமல் போகிறது என்று துப்புத் துலக்கத்தான் நிதி விகிதங்கள்.

விகிதம் என்றால் ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுப்பது, அவ்வளவுதான். ஒரு கம்பெனிக்கு 9.60 கோடி ரூபாய் பாக்கி வரவேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னால், அது அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனி நாளொன்றுக்கு 8 லட்சத்துக்கு விற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 120 நாள் விற்பனைப் பணம் வெளியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். நாலு மாசம்! வகுத்த பிறகுதான் அந்த 9.60 கோடிக்கு அர்த்தம் வருகிறது.

பாடப் புத்தகங்கள் முப்பது, நாற்பது விகிதங்களைச் சொல்லிக்கொடுக்கும். தள்ளாடும் கம்பெனியைப் பார்க்க அத்தனையும் வேண்டாம். ஆனால் கையில் எடுக்கும் ஏழெட்டு விகிதங்களில் எது எப்போது ஏமாற்றும் என்று தெரிந்திருக்க வேண்டும். நோய் முற்றும்போது சில விகிதங்கள் மோசமாகாமல் அப்படியே நிற்கும், சமயத்தில் தேறியது போலக்கூடத் தெரியும். முதலில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு பம்ப் கம்பெனி

கணக்குப் போட வசதியாக ஒரு கம்பெனியை நானே உருவாக்கிக்கொள்கிறேன். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மோட்டார் பம்ப் செய்து டீலர்களுக்கு விற்கும் நடுத்தரக் கம்பெனி. எண்கள் கற்பனை. ஆனால் இதே சாயலில் எத்தனையோ பேலன்ஸ் ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

முதல் படம், நல்ல வருஷம். ஆண்டு விற்பனை 36.50 கோடி, அதாவது நாளைக்கு 10 லட்சம். மார்ச் 31 அன்று கையில் இருக்கும் சரக்கு 5 கோடி, டீலர்களிடமிருந்து வரவேண்டியது 6 கோடி, ரொக்கம் 50 லட்சம். ஆக, ஒரு வருஷத்துக்குள் காசாக வேண்டிய நடப்புச் சொத்து 11.50 கோடி. மறுபக்கம், ஒரு வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டியது: சப்ளையர்களுக்கு 3.50 கோடி, வங்கி வைத்த வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடன் 4 கோடி, தவணை முறையில் அடைக்கும் டேர்ம் லோனின் தவணையும் இதரமும் 1 கோடி. மொத்தம் 8.50 கோடி. மீதியுள்ள நீண்டகாலக் கடன் 4 கோடி, முதலாளியின் சொந்த முதலும் சேர்ந்த லாபமுமாக 7 கோடி. இந்தக் கடைசி எண்தான் நிகர மதிப்பு.

இரண்டு வருஷம் கழித்து எடுத்த படம். விற்பனை 29.20 கோடிக்கு இறங்கிவிட்டது, நாளைக்கு 8 லட்சம். சரக்கு 7.50 கோடி, வரவேண்டிய பாக்கி 9.60 கோடி, ரொக்கம் 10 லட்சம்: நடப்புச் சொத்து 17.20 கோடி. சப்ளையர் பாக்கி 5.60, கேஷ் கிரெடிட் 5.50, தவணையும் இதரமும் 1.50: நடப்புக் கடன் 12.60 கோடி. முதலாளி வீட்டை அடமானம் வைத்துப் புதிதாக 2.80 கோடி வாங்கிப் போட்டிருக்கிறார். அதனால் நீண்டகாலக் கடன், பழைய தவணைகளைக் கட்டிய பிறகும், 4.80 கோடி. இரண்டு வருஷமும் தலா 10 லட்சம் லாபம் காட்டியதால் நிகர மதிப்பு 7.20 கோடி.

இனி வகுக்கலாம்.

1.33 எங்கிருந்து வந்தது

எல்லோரும் முதலில் கேட்பது கரண்ட் ரேஷியோ. நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே எத்தனை ரூபாய் வரப்போகிறது என்பது அதன் பொருள். இந்திய வங்கிகளில் இதற்கு 1.33 என்ற எண் கிட்டத்தட்ட மந்திரம் போல. 1974-ல் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் கமிட்டி, நடப்புச் சொத்தில் கால் பங்கையாவது கம்பெனி தன் நீண்டகாலப் பணத்திலிருந்து போட வேண்டும், மீதிக்குத்தான் குறுகிய காலக் கடன் என்று ஒரு முறையைச் சொன்னது. 100 ரூபாய் சொத்துக்கு 75 ரூபாய் கடன். 100-ஐ 75-ஆல் வகுத்தால் 1.33. விதிகள் பிறகு எவ்வளவோ தளர்ந்துவிட்டன. எண் மட்டும் படிவங்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நம் பம்ப் கம்பெனிக்கு நல்ல வருஷத்தில் 11.50-ஐ 8.50-ஆல் வகுத்தால் 1.35. இரண்டு வருஷம் கழித்து 17.20-ஐ 12.60-ஆல் வகுத்தால் 1.37. பார்த்தீர்களா, கூடியிருக்கிறது!

சரக்கை உடனே காசாக்க முடியாது, அதைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம் என்பவர்களுக்கு இன்னொரு விகிதம் உண்டு. ஆசிட் டெஸ்ட் என்பார்கள். தங்கமா பித்தளையா என்று அமிலம் ஊற்றிப் பார்க்கிற மாதிரி என்ற அர்த்தத்தில் வந்த பெயர். நல்ல வருஷத்தில் 0.76, இப்போது 0.77. அமிலத்துக்கும் ஒன்றும் தெரியவில்லை.

காரணம் சிக்கலானதல்ல. விற்காத சரக்கும் வசூலாகாத பாக்கியும் கணக்கில் 'சொத்து' என்ற தலைப்பில்தான் நிற்கின்றன. விற்பனை படுத்தால் சரக்கு சேரும், டீலர் திணறினால் பாக்கி சேரும். இரண்டும் சேரச் சேர நடப்புச் சொத்து பெருக்கும். அந்த ஓட்டையை அடைக்க முதலாளி வீட்டை அடமானம் வைத்து நீண்டகாலக் கடன் வாங்கினால், அது வகுக்கும் எண்ணுக்குள் வராது. விகிதம் நிமிர்ந்து நிற்கும். உடம்பு வீங்கியிருப்பதைப் பார்த்து "சதை போட்டிருக்கிறீர்களே" என்று விசாரிக்கிற உறவினர் மாதிரிதான் கரண்ட் ரேஷியோ.

மார்ச் கடைசி வாரத்தில் நடக்கும் ஒரு வித்தையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடப்புச் சொத்து 12 கோடி, நடப்புக் கடன் 10 கோடி என்றால் விகிதம் 1.20. மார்ச் 30 அன்று ஐந்து கோடி பாக்கியை வசூலித்துக் கடனில் கட்டிவிட்டால் 7-க்கு 5, அதாவது 1.40. ஏப்ரல் முதல் வாரம் மறுபடியும் கடனை இழுத்துக்கொள்ளலாம். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் மார்ச் 31 என்பது ஒரு நாள் மட்டுமே, போட்டோவுக்குத் தலை வாரிக்கொண்டு நிற்கும் நாள். அதனால்தான் வங்கிக்காரர்கள் மாசாமாசம், சரக்கும் பாக்கியும் எவ்வளவு என்று காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள்.

நாள் கணக்கு

ரூபாயை விட்டுவிட்டு நாளில் கணக்கிடத் தொடங்கினால் மறைந்திருந்தது வெளியே வரும். என்னைக் கேட்டால், ஒருவர் மூன்றே மூன்று விகிதம் கற்றுக்கொள்ளத்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்த மூன்றைத்தான் சொல்வேன்.

வரவேண்டிய பாக்கியை ஒரு நாள் விற்பனையால் வகுங்கள். முன்பு 6 கோடிக்கு 10 லட்சம், 60 நாள். இப்போது 9.60 கோடிக்கு 8 லட்சம், 120 நாள். விற்ற பம்ப்புக்குக் காசு வர இரண்டு மாசம் ஆனது, இப்போது நாலு மாசம் ஆகிறது.

சரக்கிருப்பை ஒரு நாள் உற்பத்திச் செலவால் வகுங்கள். விற்பனை விலையால் வகுக்கக் கூடாது, ஏனென்றால் சரக்கு அடக்க விலையில்தான் கணக்கில் இருக்கிறது. நல்ல வருஷத்தில் செலவு 29.20 கோடி, நாளைக்கு 8 லட்சம். 5 கோடி சரக்கு என்பது 63 நாள். இப்போது செலவு 24.09 கோடி, நாளைக்கு 6.60 லட்சம், 7.50 கோடி சரக்கு 114 நாள்.

சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியதையும் அதே தினச் செலவால் வகுங்கள். 44 நாளில் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது 85 நாள் இழுக்கிறார்கள்.

முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால், இரும்பும் செம்புக் கம்பியும் வாங்கப் போட்ட காசு திரும்பக் கைக்கு வர எத்தனை நாள் என்று தெரியும். அன்று 79 நாள். இன்று 149. நம் ஆள் "ரொட்டேஷன் டைட்டு" என்றாரே, அந்த டைட்டின் அளவு இந்த 70 நாள்தான். சப்ளையர்களும் சேர்ந்து பாரம் சுமந்த பிறகு மிஞ்சியது அது.

சப்ளையர் நாட்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது கூடினால் விகிதத்தைப் பொறுத்தவரை கம்பெனிக்கு லாபம், இலவசக் கடன். நெருக்கடியில் இருக்கும் கம்பெனி முதலில் கை வைப்பதும் இங்கேதான், ஏனென்றால் வங்கித் தவணை தவறினால் பதிவாகிவிடும், வார்ப்புப் பட்டறைக்காரர் போன் மட்டும்தான் செய்வார். சட்டப்படி பார்த்தால் குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதமான பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கேட்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம். நீங்கள் ஒரு கம்பெனிக்குச் சரக்கு போடுகிறவராக இருந்தால், அதன் சப்ளையர் நாட்கள் இரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகியிருப்பதைவிடத் தெளிவான எச்சரிக்கை உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது.

குடோனுக்குள் போய்விட்டு வந்து மறுபடியும் வகுத்தால்

பேப்பரில் பார்க்க முடியாத ஒரு வேலை இருக்கிறது. குடோனில் ஒவ்வொரு ரேக்கிலும் பின் கார்டு தொங்கும். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கையால் எழுதியிருக்கும். கடைசியாகச் சரக்கு எடுத்த தேதி பதினாலு மாசத்துக்கு முந்தையது, அட்டைப்பெட்டி மேல் விரலால் கோடு போடும் அளவுக்குத் தூசி என்றால், அந்த மாடலை இனி யாரும் வாங்கப் போவதில்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது முழு அடக்க விலையில் 'சொத்து'.

பாக்கியிலும் இதே கதைதான். யார் யார் எத்தனை நாளாக வைத்திருக்கிறார்கள் என்று வயது வாரியாகப் பிரித்த பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். கடையை மூடிவிட்ட டீலர், "பம்ப் ரிப்பேர் ஆகிடுச்சு, பணம் தர மாட்டேன்" என்று தகராறு செய்யும் கான்ட்ராக்டர், முதலாளியின் மச்சான் நடத்தும் இன்னொரு கம்பெனி, எல்லாரும் அதில் இருப்பார்கள்.

நம் கம்பெனியில் 1.70 கோடி சரக்கு செத்த சரக்கு, 2.50 கோடி பாக்கி ஒரு வருஷத்துக்கு மேல் நகராதது என்று வைத்துக்கொள்வோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்த 4.20 கோடியையும் கழித்துவிட்டு மறுபடியும் வகுங்கள். நடப்புச் சொத்து 13 கோடி, கரண்ட் ரேஷியோ 1.37-லிருந்து 1.03. நிகர மதிப்பு 7.20-லிருந்து 3 கோடி. வெளிக்கடன் மொத்தத்தையும் நிகர மதிப்பால் வகுத்துப் பார்ப்பது வங்கிக்காரர்களின் வழக்கம். 17.40 கோடிக்கு 7.20 என்றபோது 2.42. பரவாயில்லை ரகம். 17.40 கோடிக்கு 3 என்றால் 5.80. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எந்த மேலாளரும் புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவார்.

சூத்திரம் மாறவில்லை, கம்பெனியும் மாறவில்லை. நாம் வகுத்த எண் மட்டும்தான் மாறியது.

லாபம் எங்கே போயிற்று

இரண்டு வருஷத்தில் மொத்தம் 20 லட்சம் லாபம் காட்டினார்கள். இயந்திரங்கள் பழசாவதற்காகக் கணக்கில் எழுதும் தேய்மானம் வருஷத்துக்கு 60 லட்சம். அது கையைவிட்டுப் போகும் செலவு அல்ல என்பதால் அதையும் கூட்டினால் 1.40 கோடி கைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் பாக்கி 3.60 கோடி கூடியது, சரக்கு 2.50 கோடி கூடியது. சப்ளையர்களிடமும் இதர வகையிலும் இழுத்துப் பிடித்தது 2.40 கோடி. கூட்டிக் கழித்தால் தொழிலிலிருந்து வந்த பணம் மைனஸ் 2.30 கோடி. லாபக் கணக்கு பிளஸ், பணக் கணக்கு மைனஸ். அந்தப் பள்ளத்தை நிரப்பியது கேஷ் கிரெடிட்டும் முதலாளியின் வீடும்.

இந்த ஒரு ஒப்பீட்டை, அதாவது தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தை லாபத்தோடு வைத்துப் பார்ப்பதை, மூன்று நாலு வருஷத்துக்குச் சேர்த்துச் செய்தால் பெரிய கம்பெனிகளின் கதையும் புரியும். பிரிட்டனில் கரிலியன் என்று ஒரு கட்டுமான, சேவை நிறுவனம் இருந்தது. மருத்துவமனை கட்டும், ரயில் பாதை வேலை செய்யும், பள்ளிகளுக்குச் சாப்பாடு போடும், சிறைகளைப் பராமரிக்கும். 2016-ல் 520 கோடி பவுண்டு வருமானம். அந்த வருஷத்துக்கு 7.9 கோடி பவுண்டு ஈவுத்தொகையும் கொடுத்தது. கணக்கை ஆடிட்டர் ஏற்றுக் கையெழுத்திட்டு, 2017 மார்ச்சில் வெளியிட்டார்கள். நாலே மாசத்தில், ஜூலையில், ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டு வராது என்று அறிவித்தார்கள். 2018 ஜனவரி 15 அன்று கம்பெனி கலைப்புக்குப் போனது. கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டு, கொடுக்க வேண்டியது கிட்டத்தட்ட 700 கோடி பவுண்டு.

கட்டுமானத் தொழிலில் பாதி முடிந்த வேலைக்கும் வருமானத்தை மதிப்பிட்டு எழுதிக்கொள்ளலாம். மதிப்பீடு மிகையாகப் போனால் லாபம் தாளில் இருக்கும், காசு வராது. சப்ளையர் நாட்களையும் கரிலியன் 120 வரை இழுத்தது. முன்கூட்டியே பணம் வேண்டும் என்ற சப்ளையருக்கு, கொஞ்சம் கழித்துக்கொண்டு வங்கி கொடுக்கும். வங்கிக்குக் கரிலியன் பிறகு கட்டும். நம் கண்ணுக்கு அது வங்கிக் கடன். கணக்கில் அது 'இதர கடன் கொடுத்தோர்' என்ற தலைப்பில் போனது, அதனால் கடன் விகிதங்களுக்குள் நுழையவில்லை. 50 கோடி பவுண்டுக்குச் சற்றுக் குறைவான தொகை இப்படித் தப்பான தலைப்பில் உட்கார்ந்திருந்தது என்று தரமதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் பின்னர் சொன்னது. போதாக்குறைக்குச் சொத்துப் பட்டியலில் 157 கோடி பவுண்டு 'குட்வில்'. வேறு கம்பெனிகளை வாங்கும்போது அவற்றின் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை அது. ஆள் முழுகும்போது விற்றுக் காசாக்க முடியாத சொத்து.

பம்ப் கம்பெனியின் செத்த சரக்கும் கரிலியனின் குட்வில்லும் ஒரே ஜாதிதான்.

வட்டியைத் தாங்குமா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சூத்திரம் அவ்வளவு தெளிவு. வட்டியும் வரியும் கழிக்கும் முன் வரும் லாபத்தை வட்டியால் வகுங்கள். நம் கம்பெனி அன்று 2.76 கோடி சம்பாதித்து 92 லட்சம் வட்டி கட்டியது: 3 மடங்கு. இப்போது 1.38 கோடி சம்பாதித்து 1.25 கோடி வட்டி: 1.10 மடங்கு. சம்பாதிப்பதில் பத்தில் ஒன்பது பங்கு வட்டிக்கே போகிறது.

வட்டி மட்டும் கட்டினால் போதாது, அசலும் கட்ட வேண்டும். அதற்குத்தான் டி.எஸ்.சி.ஆர். என்று வங்கியில் சொல்லும் விகிதம். நிகர லாபம், தேய்மானம், டேர்ம் லோன் வட்டி மூன்றையும் கூட்டி, அந்த வட்டியும் தவணையும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். அன்று 1.94. இப்போது லாபம் 10 லட்சம், தேய்மானம் 60 லட்சம், வட்டி 60 லட்சம், ஆக 1.30 கோடி, கட்ட வேண்டியது வட்டி 60 லட்சமும் தவணை 1 கோடியுமாக 1.60 கோடி. விடை 0.81. ஒன்றுக்குக் கீழே போய்விட்டது என்றால் ஒரு கடனை வாங்கித்தான் இன்னொரு கடனைக் கட்டுகிறார்கள். தவணை 30 நாள், 60 நாள் என்று தள்ளிப்போகும். 90 நாளைத் தாண்டினால் வங்கிக் கணக்கில் வாராக்கடன்.

எல்லா விகிதங்களையும் ஒரே எண்ணாக உருட்டித் தர முடியுமா என்று கேட்டவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஆல்ட்மன். 1968-ல், திவாலான 33 அமெரிக்க உற்பத்திக் கம்பெனிகளையும் திவாலாகாத 33 கம்பெனிகளையும் ஒப்பிட்டு ஐந்து விகிதங்களைக் கலந்து ஒரு சூத்திரம் செய்தார். இசட் ஸ்கோர் என்று பெயர். 1.81-க்குக் கீழே என்றால் ஆபத்து, 2.99-க்கு மேலே என்றால் பத்திரம். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிகளுக்குப் பிறகு தனியாக ஒன்று செய்தார், அதில் எல்லைகள் 1.23-ம் 2.90-ம். நம் பம்ப் கம்பெனிக்கு அதைப் போட்டுப் பார்த்தேன், சொந்த முதலில் 2 கோடி பங்கு மூலதனம், மீதி சேர்ந்த லாபம் என்று வைத்துக்கொண்டு. அன்று 2.87, இன்று 1.85. இரண்டுமே 'சொல்ல முடியாது' என்ற நடுப் பகுதி. ஆனால் இறக்கத்தைப் பாருங்கள். எல்லைக் கோட்டைவிட இறங்கும் வேகத்தைத்தான் நான் நம்புவேன்.

எங்கே பார்ப்பது, எதோடு ஒப்பிடுவது

நீங்களே உட்கார்ந்து எல்லாவற்றையும் வகுக்க வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் முதல் இந்தியக் கம்பெனிகள் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் 11 விகிதங்களைக் கொடுத்தாக வேண்டும். முந்தைய வருஷத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் ஏன் என்றும் எழுத வேண்டும். நான் நேராக அந்தக் காரணப் பத்திக்குத்தான் போவேன். "சந்தைச் சூழல் காரணமாக" என்று ஒரே வரியை ஆறு விகிதங்களுக்கும் ஒட்டியிருந்தால், எழுதியவர் எதையோ சொல்ல விரும்பவில்லை என்று அர்த்தம். வரவேண்டிய பாக்கியை ஆறு மாசம், ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று வயது வாரியாகப் பிரித்த பட்டியலும் அதே குறிப்புகளில் இருக்கும். குடோனுக்குள் போக முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

சின்னக் கம்பெனிகள் தவிர மற்றவற்றின் ஆடிட்டர் அறிக்கையோடு ஒரு பின்னிணைப்பு வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. பாக்கி இருக்கிறதா, வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் கணக்கும் புத்தகக் கணக்கும் பொருந்துகிறதா, ஒரு வருஷத்துக்குள் வரும் கடன்களைக் கம்பெனியால் கட்ட முடியுமா என்பதற்கெல்லாம் அங்கே பதில் இருக்கும். தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கும் கம்பெனிக்கு வேறு விகிதமே பார்க்க வேண்டாம்.

எதோடு ஒப்பிடுவது என்றால், முதலில் அதே கம்பெனியின் பழைய வருஷங்களோடு. பிறகு அதே தொழிலில் உள்ள இன்னொன்றோடு. பம்ப் கம்பெனியை சூப்பர் மார்க்கெட்டோடு ஒப்பிட்டால் விபரீதம். சூப்பர் மார்க்கெட் இன்று காசுக்கு விற்கிறது, வாங்கிய சரக்குக்கு ஒரு மாசம் கழித்துப் பணம் கொடுக்கிறது. அதன் கரண்ட் ரேஷியோ ஒன்றுக்குக் கீழே இருந்தாலும் நிம்மதியாக நடக்கும்.

சொந்த முதல் முழுதும் கரைந்த பிறகுதான் ஒரு கம்பெனி 'நலிந்தது' என்று 1985-ம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. சேர்ந்த நட்டம் நிகர மதிப்பை எட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை காத்திருந்தால் காப்பாற்ற என்ன மிஞ்சும்? அந்தச் சட்டம் 2016-ல் விடைபெற்றது. இப்போது பணம் கட்டத் தவறினாலே திவால் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இந்தக் கம்பெனி தேறுமா

தேறலாம். வசூல் நாளில் ஒரு நாளைக் குறைத்தால் 8 லட்சம் கைக்கு வரும், சரக்கில் ஒரு நாளைக் குறைத்தால் 6.60 லட்சம். வசூலை நாலு நாள் முன்னுக்கு இழுத்தாலே தவணைக்குக் குறையும் அந்த 30 லட்சம் கிடைத்துவிடும். ஆனால் இது ஒருமுறை வரும் காசு. தேங்கிய தண்ணீரை இறைத்துவிடலாம், கிணற்றில் ஊற்று இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

அதற்கு மொத்த லாப விகிதத்தைப் பார்க்க வேண்டும். அன்று 100 ரூபாய்க்கு விற்றால் உற்பத்திச் செலவு போக 20 ரூபாய் நின்றது. இன்று 17.50. நிர்வாகச் செலவை முதலாளி நன்றாகவே குறைத்திருக்கிறார், பாவம், 81 லட்சம். இருந்தும் அந்தச் செலவையும் வட்டியையும் இந்த 17.50-ஐ வைத்துத்தான் தாங்க வேண்டும். போட்டுப் பார்த்தால் 28.46 கோடி விற்றால்தான் கையைக் கடிக்காது. விற்பது 29.20 கோடி. இன்னும் 75 லட்சம் விற்பனை குறைந்தால் நட்டம். முதலீடு செய்த பணம் முழுவதற்கும் கிடைக்கும் வருமானம் 17.5 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாகிவிட்டது. கடனுக்குக் கட்டும் வட்டியோ 11 சதவீதம்.

அப்படியானால் அந்த 2.50 ரூபாய் எங்கே போயிற்று? செம்பு விலை ஏறியதா, போட்டிக்காக விலையைக் குறைத்தார்களா, குறைந்த லாப மாடல்கள் மட்டும் ஓடுகின்றனவா? பேலன்ஸ் ஷீட்டில் இதற்குப் பதில் கிடையாது. டீலர் வாரியாக, மாடல் வாரியாக விற்பனைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு முதலாளியோடும் கணக்காளரோடும் இரண்டு நாள் உட்கார வேண்டும். நான் அப்படி உட்கார்ந்த இடங்களில் பெரும்பாலும் இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு விஷயம் தெரியவரும்: யார் அதிகப் பாக்கி வைத்திருக்கிறாரோ, அந்த டீலருக்குத்தான் அதிகத் தள்ளுபடியும் கொடுத்திருப்பார்கள்.